இருபதின் மேல் ஐந்து லட்சம்

நிகராகுவா நாட்டின் 20 கோர்டோபா நோட்டு ஒன்று என் ஆல்பத்தில் இருக்கிறது. புத்தம் புதிது, ஒரு மடிப்புகூட இல்லை. அதை இன்னொரு முறை அச்சு இயந்திரத்தில் விட்டு, மேலே 5,00,000 என்று அடித்திருக்கிறார்கள். அடுத்த உறையில் அதே நாட்டின் 1000 கோர்டோபா நோட்டு. அதன் மேல் அடித்திருப்பது 2,00,000. இரண்டும் 1990-இல் புழக்கத்துக்கு வந்தவை. அதாவது அந்த ஆண்டு ஒரு '20' நோட்டைக் கொடுத்தால் இரண்டு '1000' நோட்டும் மேற்கொண்டு ஒரு லட்சமும் கையில் கிடைக்கும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்டு மத்திய வங்கி தெரிந்தே செய்த வேலை அது.

மத்திய அமெரிக்க நாடுகளின் நோட்டுகளைச் சேர்க்கிறேன் என்றால் நம் குடியிருப்பில் பலரும் கேட்பது, "ஏன் சார், அவ்வளவு தூரத்தில் போய்?" என்பதுதான். முதல் காரணம் விலை. பழைய பிரிட்டிஷ் இந்திய நோட்டுகள் பென்ஷன்காரனுக்குக் கட்டுப்படியாகாது. நிகராகுவாவின் 1980-களின் நோட்டு ஒன்றை ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் செலவுக்கு வாங்கிவிடலாம். இரண்டாவது காரணம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்த நாட்டில் ஆட்சிக்கு வந்த ஒவ்வொருவரும் நோட்டைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஆல்பத்தை வரிசையாகப் புரட்டினால் ஒரு நூற்றாண்டு வரலாறு ஓடுகிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

வரைபடத்தில் மெக்சிகோவுக்குக் கீழே, ஹோண்டுராஸுக்கும் கோஸ்டாரிக்காவுக்கும் நடுவில் இருக்கும் நாடு நிகராகுவா. பரப்பளவு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். மக்கள் தொகை மட்டும் சுமார் 70 லட்சம். ஸ்பானிஷ் மொழி பேசுகிறார்கள். தலைநகர் மனாகுவா.

நாணயத்தின் பெயர் கோர்டோபா. அது ஒரு மனிதரின் பெயர். பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் டி கோர்டோபா என்ற ஸ்பானியப் படைத்தலைவர் 1524-இல் அங்கே கிரனாடா, லியோன் என்ற இரண்டு நகரங்களை நிறுவினார். அவரை அனுப்பிவைத்த கவர்னர் பெட்ராரியாஸ் டாவிலா, இவன் தனி ராஜ்யம் நடத்தப் பார்க்கிறான் என்று சந்தேகப்பட்டு 1526-இல் தலையை வெட்டிவிட்டார். லியோன் நகரமே பிற்பாடு கைவிடப்பட்டு மண்ணுக்குள் போனது. 2000-ஆம் ஆண்டு அந்த இடிபாடுகளில் ஒரு தேவாலயத்தின் தரைக்கடியில் கோர்டோபாவின் எலும்புகளை அகழ்வாய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். வெட்டச் சொன்ன பெட்ராரியாஸின் எலும்புகளும் அதே தேவாலயத்தில் கிடைத்தன. தலை போனவரின் பெயரை நாணயத்துக்கு வைத்த நாடு வேறு ஏதாவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

கோர்டோபா பிறந்தது 1912-இல். அதற்கு முன்பு அங்கே பெசோ. வந்த அரசுகளெல்லாம் காகித பெசோவை இஷ்டத்துக்கு அடித்துத் தள்ளியதில் அது மதிப்பிழந்து கிடந்தது. 12.50 காகித பெசோவுக்கு ஒரு கோர்டோபா, ஒரு கோர்டோபாவுக்கு ஓர் அமெரிக்க டாலர் என்று புதுக் கணக்குப் போட்டார்கள். நோட்டு வெளியிடும் பொறுப்பு நிகராகுவா தேசிய வங்கிக்கு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த 'தேசிய' வங்கி பதிவானது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். அதன் பெரும்பான்மைப் பங்கு நியூயார்க் வங்கியாளர்களான பிரவுன் பிரதர்ஸ், செலிக்மன் நிறுவனங்களின் கையில் இருந்தது. நாட்டின் சுங்க வரியை வசூலித்தவரும் அமெரிக்க அதிகாரி. 1912-இலேயே அமெரிக்கக் கடற்படை வீரர்களும் வந்து இறங்கினார்கள். நடுவில் ஓரிரண்டு வருஷம் போக, 1933 வரை அங்கேயேதான் இருந்தார்கள். வங்கியை அரசு முழுதாக விலைக்கு வாங்கியது 1924-இல்.

இத்தனை அவமானத்தோடு பிறந்த நாணயம் என்றாலும், நாணயம் என்ற அளவில் அது ஒழுங்காக வேலை செய்தது. டாலர் மதிப்பு நிலையாக நின்றது. கடைக்காரர் வாங்கினார், விவசாயி பெட்டியில் வைத்தார். அந்தக் காலத்து நோட்டுகள் என் ஆல்பத்தில் ஒன்றுகூட இல்லை. ஏலத்தில் வந்தால் விலை நம்மால் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில் நிற்கும்.

இது ஏன் என்று யோசித்தபோது, கேஷ் கவுண்டரில் உட்கார்ந்த அனுபவம் உதவியது. மக்கள் நம்பும் நோட்டு கை மாறிக்கொண்டே இருக்கும். வியர்வை படும், மடியும், கிழியும், கடைசியில் வங்கிக்குத் திரும்பி வரும். நாங்கள் அதை அழுக்கு நோட்டு என்று பிரித்துக் கட்டிக் கரன்சி செஸ்ட் வழியாக ரிசர்வ் வங்கிக்கு அனுப்புவோம். அங்கே அதை அழித்துவிடுவார்கள். உழைத்த நோட்டுக்கு அதுதான் கதி. மக்கள் நம்பாத நோட்டு அப்படியல்ல. இரண்டு முறை கை மாறுவதற்குள் அதன் மதிப்பு போய்விடும். கட்டோடு மூலையில் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். முப்பது வருஷம் கழித்து அதே கட்டு வியாபாரி கைக்கு வந்து, 'அன்சர்குலேட்டட்' என்ற முத்திரையோடு எனக்கு மலிவாகக் கிடைக்கிறது. என் ஆல்பத்தில் பளபளவென்று இருப்பதெல்லாம் ஒரு நாட்டு மக்களைக் கைவிட்ட நோட்டுகள்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பளபளப்பை முன்போல ரசிக்க முடியவில்லை.

வரிசைக்கு வருவோம். 1941-இல் ஒரு கோர்டோபா நோட்டு வெளிவந்தது. அச்சடித்தது அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி. நோட்டில் ஓர் இளம் பெண், தலையில் இறகு, பூர்வகுடிப் பெண்ணின் அலங்காரம். பார்ப்பதற்கு லட்சணமான நோட்டு. ஆனால் அவர் பூர்வகுடிப் பெண் அல்ல. அப்போதைய ஜனாதிபதி அனஸ்டாசியோ சோமோசா கார்சியாவின் செல்ல மகள் லிலியம். அப்பா கையில் அரசாங்கம், மகள் படம் நோட்டில்! மாப்பிள்ளை பிற்பாடு வாஷிங்டனில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தூதராக இருந்தார். 1950-களில் வந்த 1000 கோர்டோபா நோட்டில் அப்பாவே இடம் பிடித்தார்.

இந்த சோமோசா யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படைகள் வெளியேறும்போது உருவாக்கிவிட்டுப் போன தேசியக் காவல் படைக்குத் தலைவராக இருந்தவர். அந்தப் படைகளை 1927 முதல் மலைக்காட்டில் இருந்து எதிர்த்தவர் அகஸ்டோ சீசர் சாண்டினோ. அமெரிக்கர்கள் போனதும் சாண்டினோ சமாதானம் பேச வந்தார். 1934 பிப்ரவரி 21 இரவு ஜனாதிபதி மாளிகையில் விருந்து முடிந்து வெளியே வந்தவரைக் காவல் படையினர் பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். உத்தரவு சோமோசாவுடையது. மூன்று வருஷத்தில் அவரே ஜனாதிபதி. 1956-இல் லியோன் நகரில் ஒரு விருந்தில் ரிகோபெர்ட்டோ லோபெஸ் பெரெஸ் என்ற இளம் கவிஞர் சோமோசாவைச் சுட்டார். கவிஞரை அங்கேயே கொன்றுவிட்டார்கள். சோமோசா சில நாள் கழித்து இறந்தார். ஆட்சி மூத்த மகனுக்கும், பிறகு இளைய மகனுக்கும் போனது.

இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லச் சொன்னவர் 1000 நோட்டில் வந்துவிட்டார். மற்ற இருவரும் பின்னால் வருவார்கள்.

நடுவில் ஒரு கிளைக்கதை, அடுக்குமாடியில் குடியிருக்கும் நமக்காக. 1972 டிசம்பர் 23 அதிகாலையில் மனாகுவாவைப் பூகம்பம் தாக்கியது. நகரின் மையப் பகுதி நாசமாகிவிட்டது. அங்கே தெருவுக்கு எதிரெதிராக இரண்டு வங்கிக் கட்டடங்கள். மத்திய வங்கி 15 மாடி, பாங்கோ டி அமெரிக்கா 18 மாடி. உயரமான 18 மாடி பெரிய சேதம் இல்லாமல் நின்றது. 15 மாடி மத்திய வங்கிக்குத்தான் பலத்த அடி. காரணம் லிஃப்ட், மாடிப்படியைச் சுற்றியுள்ள கனத்த சுவர்கள். 18 மாடியில் அவை நட்ட நடுவில், நான்கு பக்கமும் சமமாக இருந்தன. மத்திய வங்கியில் ஒரு ஓரமாக இருந்ததால் கட்டடம் குலுங்கும்போது முறுக்கிக்கொண்டது. உலகம் முழுக்கக் கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கு இன்றும் சொல்லித்தரும் பாடம் இது. நம் சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புச் செலவை மட்டும் பேசுகிறோம், அது எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு நாள் பேசலாம்.

அந்தப் பூகம்பத்துக்கு வெளிநாடுகள் அனுப்பிய நிவாரணத்தில் சோமோசா வட்டாரம் கை வைத்தது. அதுவரை சும்மா இருந்த வியாபாரிகளும் நடுத்தரக் குடும்பங்களும் திரும்பினார்கள். 1978 ஜனவரியில் 'லா பிரென்சா' பத்திரிகை ஆசிரியர் பெட்ரோ ஜோவாகின் சாமோரோ தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாடே கொதித்தது. சாண்டினோவின் பெயரை வைத்துக்கொண்ட சாண்டினிஸ்டா முன்னணி 1979 ஜூலை 19 அன்று மனாகுவாவைப் பிடித்தது. இரண்டு நாள் முன்பே சோமோசா ஓடிவிட்டார். கஜானாவில் மிச்சம் 35 லட்சம் டாலர். வெளிக்கடன் 160 கோடி டாலர்.

புது அரசு ஆகஸ்டில் செய்த முதல் காரியங்களில் ஒன்று, 500, 1000 கோர்டோபா நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. ஓடிப்போனவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பணம் திரும்பி வரக்கூடாது என்பது நோக்கம். 500, 1000 என்றதும் நம்மில் யாருக்கும் 2016 நவம்பர் நினைவு வராமல் இருக்காது. தொகை அதேதான், கடல் வேறு.

புது நோட்டுகள் வந்தன. 1000-இல் சாண்டினோ. 500-இல் ரூபன் டாரியோ. ஸ்பானிஷ் கவிதையின் போக்கையே மாற்றியவர் என்று கொண்டாடப்படும் கவிஞர் அவர், 1867-இல் நிகராகுவாவின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். இன்றைய 100 நோட்டிலும் அவருக்கு இடம் உண்டு. எந்த ஆட்சி வந்தாலும் கைவைக்காத முகம் அவருடையதுதான். 10 நோட்டில் பாறை மேல் நிற்கும் ஆந்த்ரெஸ் காஸ்ட்ரோ. இவர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கர் கூலிப்படையோடு வந்து, 1856-இல் தன்னைத் தானே நிகராகுவாவின் ஜனாதிபதி ஆக்கிக்கொண்டு, ஒழிக்கப்பட்டிருந்த அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். செப்டம்பர் 14-இல் சான் ஹசிண்டோ பண்ணையில் நடந்த சண்டையில், துப்பாக்கி வெடிக்காமல் போகவே காஸ்ட்ரோ ஒரு கல்லை எடுத்து எறிந்து எதிரி ஒருவனைச் சாய்த்தார். அந்தச் சண்டைக்குத் தலைமை தாங்கிய எஸ்ட்ராடா 100 நோட்டில்.

50-இல் கார்லோஸ் ஃபொன்சேகா, முன்னணியை நிறுவியவர், 1976-இல் கொல்லப்பட்டார். 20-இல் கெர்மன் பொமாரெஸ். ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து தளபதி ஆனவர். 1979 மே மாதம், வெற்றிக்கு இரண்டு மாதம் இருக்கையில் போரில் இறந்தார். நான் முதலில் சொன்ன ஐந்து லட்சம் அடித்த 20 நோட்டில் இருப்பது இவர் முகம்தான்.

இனி வருவது வருத்தமான பகுதி. 1979 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 10 கோர்டோபா. அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் 7 கோர்டோபா என்றே இருந்தது. சாண்டினிஸ்டா அரசு பள்ளிகள் திறந்தது, எழுத்தறிவு இயக்கம் நடத்தியது. இதெல்லாம் உண்மை. அமெரிக்கா 'கொன்ட்ரா' படைகளுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்து எல்லையில் யுத்தம் மூட்டியது, 1985-இல் வர்த்தகத் தடையும் போட்டது. அதுவும் உண்மை. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் யுத்தத்துக்குப் போனது. வருமானம் இல்லை. துண்டு விழுந்ததை நோட்டு அடித்து நிரப்பினார்கள். யார் மேல் எவ்வளவு பழி என்பதில் இன்றும் ஆளுக்கொரு கட்சி. வரவுக்கு மேல் அச்சடித்தால் என்ன ஆகும் என்பதில் மட்டும் எந்தக் கட்சிக்காரரும் தப்ப முடியாது.

1987-இல் மேலச்சு வேலை தொடங்கியது. 20 நோட்டில் 20,000. 50 நோட்டில் 50,000. டாரியோ இருந்த 500-இல் ஒரு லட்சம். சாண்டினோவின் 1000-இல் ஐந்து லட்சம். புதிதாக நோட்டு வடிவமைத்து அடித்து வாங்க மாதக்கணக்கில் ஆகும், அந்நியச் செலாவணியும் வேண்டும். விலைவாசி அதுவரை காத்திருக்காது. கையிருப்பில் உள்ள நோட்டின் மேல் எண்ணை மாற்றி அடிப்பது சுலபம்.

1988 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. முன்னறிவிப்பு இல்லாமல் 'ஆபரேஷன் பெர்ட்டா' தொடங்கியது. எல்லைகள் மூடப்பட்டன. மூன்று நாளுக்குள் பழைய நோட்டுகளைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டும். 1000 பழைய கோர்டோபாவுக்கு 1 புதிய கோர்டோபா. ஒரு வரம்புக்கு மேல் கொண்டுவந்தவர்களின் மீதிப் பணம் வங்கியில் நிறுத்திவைக்கப்பட்டது. அன்று கொடுத்த புது நோட்டுகளில் போட்டிருந்த ஆண்டு 1985. கேட்டலாக்கைப் பார்க்காமல் வாங்கும் புதியவர்கள் இந்த இடத்தில் குழம்புவது வழக்கம்.

புது வரிசையின் 100 நோட்டில் இருந்தவர் ரிகோபெர்ட்டோ லோபெஸ் பெரெஸ். மூத்த சோமோசாவைச் சுட்ட அதே கவிஞர். சுடப்பட்டவர் 1000-இல் இருந்தார், சுட்டவர் 100-இல் வந்தார், கொலையுண்ட சாண்டினோ 1000-இல் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் ஒரே நாட்டின் நோட்டுகளில் இந்த மூவரும்.

மூன்று சைபரை வெட்டியதால் நோய் குணமாகவில்லை. பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 10 புதிய கோர்டோபா என்று அறிவித்தார்கள். ஆண்டு முடியும்போது அரசு விலையே 900-ஐத் தாண்டியிருந்தது. அக்டோபரில் ஜோன் புயல் வேறு வந்து கிழக்குக் கடற்கரையை அடித்துப் போட்டது. அந்த ஓர் ஆண்டின் பணவீக்கம் 33,000 சதவிகிதத்துக்கும் மேல். நம் ஊரில் பத்து சதவிகிதம் என்றாலே ஒரு மாதிரி ஆகிவிடுகிறோம். ஜனவரியில் ஒரு பொருள் 1 ரூபாய் என்றால் டிசம்பரில் 330 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் மேலச்சு. 1989-இல் 10 நோட்டில் 10,000, கவிஞரின் 100-இல் ஒரு லட்சம். 1990-இல்தான் நான் முதலில் சொன்ன விந்தை நடந்தது. எந்த நோட்டு கையிருப்பில் அதிகம் கிடக்கிறதோ அதன் மேல் எந்தத் தொகை அவசரமோ அதை அடித்தார்கள். பொமாரெஸின் 20-இல் ஐந்து லட்சம். சாண்டினோவின் 1000-இல் இரண்டு லட்சம், அதே ஆண்டில் அதே 1000-இல் பத்து லட்சம். பிறகு 50 லட்சம், ஒரு கோடி கோர்டோபா நோட்டுகளும் வந்தன.

1990 பிப்ரவரித் தேர்தலில் சாண்டினிஸ்டாக்கள் தோற்றார்கள். ஜெயித்தவர் வயலெட்டா சாமோரோ, கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியரின் மனைவி. அவருடைய அரசு 'கோர்டோபா ஓரோ' என்ற புது நாணயத்தைக் கொண்டுவந்தது. ஓரோ என்றால் தங்கம். பெயரில் மட்டும் தங்கம், நோட்டு காகிதம்தான். 50 லட்சம் கோர்டோபாவுக்கு ஒரு தங்கக் கோர்டோபா. 1991 ஏப்ரல் 30-ஓடு பழையது முடிந்தது.

இங்கே ஒரு கணக்கு. வங்கிக்காரன் புத்தி விடவில்லை. 1988-க்கு முந்தைய 1000 கோர்டோபா ஒரு கோர்டோபா ஆனது. அதில் 50 லட்சம் சேர்ந்தால் ஒரு தங்கக் கோர்டோபா. இரண்டையும் பெருக்கினால் 500 கோடி பழைய கோர்டோபா, ஒரு புதிய கோர்டோபா. 1979-இல் ஒரு பள்ளி ஆசிரியர் வாழ்நாள் சேமிப்பாக ஒரு லட்சம் கோர்டோபா வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலைக்கு 10,000 டாலர். அதை அப்படியே வைத்திருந்தால், ஒரு டாலருக்கு 5 தங்கக் கோர்டோபா என்று ஆன 1991-இல் அதன் மதிப்பு ஒரு சென்ட்டில் 2,500-இல் ஒரு பங்கு. வட்டியைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. எந்தத் திருடனும் வரவில்லை, வங்கியும் மூடவில்லை, பாஸ்புக்கில் எண்கள் சரியாகவே இருந்தன. டாலர் வைத்திருந்தவர் தப்பினார். நிலம், மாடு வைத்திருந்தவரும் ஒரு மாதிரி தப்பினார். கடன் வாங்கியவருக்குக் கடனே கரைந்துபோனது. நோட்டை நம்பிச் சேர்த்தவர்தான் முழுக்க இழந்தார். முப்பத்தைந்து வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து, "டெபாசிட்டில் போடுங்கள், பத்திரமாக இருக்கும்" என்று ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். அந்த வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஜாமீன் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை இந்த மலிவு நோட்டுகள்தான் எனக்குக் காட்டின.

சாமோரோ காலத்து நோட்டுகள் வேறு விதம். கோடிக் கணக்கில் நோட்டு பார்த்த மக்களின் கையில் 1991-இல் 1, 5, 10, 25 சென்டாவோ என்று சில்லறைக்குக்கூடக் குட்டிக் குட்டிக் காகித நோட்டு கொடுத்தார்கள். 1 சென்டாவோ நம் பைசா மாதிரி. பேரப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கை ஆரம்பித்துவைக்க இந்தக் குட்டி நோட்டுகளை விட நல்லது கிடையாது. 50 கோர்டோபா நோட்டில் பெட்ரோ ஜோவாகின் சாமோரோ, அதாவது ஜனாதிபதியின் கணவர். குடும்பப் படத்தை நோட்டில் போடும் பழக்கம் அங்கே முழுசாகப் போகவில்லை என்று சிரிக்கலாம். ஆனால் லிலியம் வேறு, உயிரைக் கொடுத்த பத்திரிகை ஆசிரியர் வேறு. அந்த நோட்டின் பின்பக்கம் 1979-இல் மக்கள் கயிறு கட்டிச் சாய்த்த சோமோசா சிலையும், பக்கத்தில் ஓட்டுச் சாவடியும் இருக்கின்றன. நோட்டில் வந்தவரின் சிலை விழுவதே இன்னொரு நோட்டில் படமாக வந்திருக்கிறது.

2009 முதல் பாலிமர் நோட்டுகளும் வந்துவிட்டன. 200 கோர்டோபாவில் எல் குவெகுவென்சே என்ற முகமூடி நாட்டிய நாடகம், யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இப்போது ஒரு டாலருக்கு சுமார் 36.6 கோர்டோபா. சில வருஷமாக அசையாமல் நிற்கிறது.

சேர்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சில வார்த்தைகள். உலக நோட்டுகளுக்கு ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய எண் வரிசை இருக்கிறது. வியாபாரியிடம் 'பிக் நம்பர்' என்ன என்று கேட்டு வாங்குங்கள். மேலச்சு நோட்டுகளில் சாதாரண வகைகளுக்குப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. அபூர்வம் என்று சொல்லி அதிக விலை கேட்டால்தான் லென்ஸை எடுக்க வேண்டும். அடிப்பதற்கு நோட்டும் மையும் இருந்தால் யாரும் மேலச்சு அடிக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். கடையில் விற்கும் சாதாரண பிவிசி ஆல்பம் கூடவே கூடாது. நம் ஊர் உப்புக் காற்றுக்கும் புழுக்கத்துக்கும் சில வருஷத்தில் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். ஸ்டேப்ளர் பின் ஓட்டை விழுந்த நோட்டுக்கு விலை பாதிகூடக் கிடைக்காது. நாங்கள் 2001 வரை நோட்டுக் கட்டுகளில் பின் அடித்துக்கொண்டுதான் இருந்தோம், ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லும் வரை. இந்திய நோட்டு சேகரிப்பவர்கள் அதற்காக இன்றும் எங்களைத் திட்டுகிறார்கள்.

லிலியத்தின் ஒரு கோர்டோபா நோட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஓரளவு நல்ல நிலையில், நியாயமான விலையில் யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள். மற்றவற்றை ஆல்பத்தோடு நம் சங்க நூலகத்துக்கு இரண்டாவது ஞாயிறு காலை 10 மணிக்குக் கொண்டுவருகிறேன். பார்க்க வருபவர்கள் கை ஈரம் இல்லாமல் வந்தால் போதும். உறையைப் பிரிக்கும் வேலையை என்னிடம் விட்டுவிடுங்கள்.